ஒலி ஒன்று, வேர் வேறு!

மடுகரை கடைத்தெருவிலிருந்து ஆங்கிலச் சொற்களின் ஒப்பனை அறைக்குள் ஒரு நுழைவு

விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு ஓர் ஆசை கட்டாயம் வந்திருக்கும்: அந்தத் திரைக்குப் பின்னால் போய் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்! ஒரே மாதிரிக் கிரீடம், ஒரே மாதிரிப் புஜக்கட்டை, ஒரே சிவப்பு அரிதாரம். களத்தில் அண்ணன் தம்பியாக ஆடுகிற இருவரில் ஒருவர் உள்ளூர்க்காரர், இன்னொருவர் எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்தவர் என்பது உள்ளே போனால்தான் தெரியும். ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்களின் சங்கதியும் இதுதான். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அரிதாரத்தைக் கலைத்தால் ஒன்று ரோமாபுரி, இன்னொன்று நம்ம ஊர்!

வாங்க, திரையை விலக்கி உள்ளே போய்விடலாம்.

இந்த வேடிக்கைக்கு மடுகரையைப் போல் தோதான இடம் அமையாது. புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் இருக்கிறது; கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு. 1954 மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறும்வரை இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. எல்லைக்கு அந்தப் பக்கம் 1947 வரை ஆங்கில ஆட்சி. இருவருக்கும் முன்பே கடற்கரையில் போர்த்துக்கீசியர். ஊர்ப் பெயருக்கே ஓர் இரட்டை உண்டு: கோயம்புத்தூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்குப் பேர்போன மதுக்கரை. ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு 'கே'தான் வித்தியாசம்!

மூன்று கேஷ், மூன்று ஊர்

முதல் நிறுத்தம், செல்போன் ரீசார்ஜ் கடை.

"போன் ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணா."

"கேஷ் கிளியர் பண்ணுப்பா, சரியாயிடும்."

பக்கத்து மளிகைக் கடையில் அதே நேரம் வேறு குரல்: "ஜிபே போகல, கேஷா குடுத்துடும்மா."

ஒரே ஒலி. பொருள் எங்கேயோ, எங்கேயோ!

மளிகைக் கடைக் கேஷை முதலில் பிடிப்போம். சி-ஏ-எஸ்-எச். லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா'வாகி, பிரெஞ்சில் 'கேஸ்' ஆகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது பணப்பெட்டி என்றே பொருள்பட்டது. நாளடைவில் பெட்டிக்குள் கிடந்த பணம் பெட்டியின் பெயரையே பறித்துக்கொண்டது. மருந்துக் கடைக் 'கேப்சூல்' இதே பெட்டியின் குட்டி. சூட்கேஸில் வருகிற 'கேஸ்' இதே வீட்டுப் பிள்ளை. ஆனால் கோர்ட்டில் நடக்கிற 'கேஸ்' இந்தக் குடும்பமே இல்லை. அது 'விழுதல், நேர்தல்' என்று பொருள்படும் லத்தீன் 'காஸுஸ்' வழி வந்தது. வழக்குக் கட்டுகளைச் சூட்கேஸில் வைத்துக்கொண்டு வக்கீல் நடக்கும்போது, உறவே இல்லாத இரண்டு கேஸ்கள் சேர்ந்து போகின்றன!

இப்போது இரண்டாவது கேஷ். அதே நான்கு எழுத்துகள், பெரிய ஆங்கில அகராதிகளில் தனிப் பதிவு. பொருள்: இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்னச் செப்பு நாணயம். வேர்? நம்முடைய காசு! சாட்சாத் காசேதான்.

நடந்தது இதுதான். காசு என்ற சொல்லைப் போர்த்துக்கீசியர் கேட்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கு 'காய்ஷா' என்று பெயர். கேட்ட ஒலியைத் தெரிந்த எழுத்தில் போட்டு, காசையும் 'காய்ஷா' என்றே எழுதிவிட்டார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' ஆக்கினார்கள். ஆக, லத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் தனித்தனிப் பாதையில் வந்து ஒரே சட்டையை மாட்டிக்கொண்டன. சென்னைக் கோட்டையின் பழைய கணக்குகளில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலேயர் நாக்கில் அவை கேஷ், ஃபனம், பகோடா. பிறகு சீனாவுக்குப் போனவர்கள் அங்கே நடுவில் சதுர ஓட்டை போட்ட நாணயத்தைப் பார்த்து அதற்கும் 'கேஷ்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் நாணயம் சேகரிப்போர் அப்படித்தான் அழைக்கிறார்கள். பீஜிங் அருங்காட்சியகத்து நாணயத்தின் ஆங்கிலப் பெயர்ச்சீட்டில் ஒரு தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது என்றால் சிலிர்க்காதா?

மூன்றாவது, போனில் இருக்கிற கேஷ். சி-ஏ-சி-எச்-இ. 'ஒளித்து வை' என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் வேட்டையாடியவர்கள் உணவையும் தோலையும் புதைத்து வைத்த ரகசிய இடத்துக்கு இந்தப் பெயர் பரவியது. 1960களின் இறுதியில் கணினிப் பொறியாளர்கள் அதை எடுத்து, அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கைக்கெட்டும் இடத்தில் பதுக்கி வைக்கும் நினைவகத்துக்குச் சூட்டினார்கள்.

இனி புதுச்சேரி மசாலா! பிரெஞ்சுக்காரர் இங்கே அடித்த சின்னக் காசின் பெயரை அவர்கள் எப்படி எழுதினார்கள் தெரியுமா? அதே சி-ஏ-சி-எச்-இ! நம் காசு அவர்கள் பேனாவில் ஏறியதும், ஒளிப்பிடம் என்ற சொல்லின் எழுத்துகளை எடுத்துக்கொண்டது. மூன்று கேஷும் கடைசியில் புதுச்சேரியில் கைகுலுக்கிக்கொண்டன.

பட்டறைக்குள் போவோமா?

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள்? எப்படி?

ஆக்ஸ்போர்டில், பான்பரி சாலை வீட்டுத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை. அண்டை வீட்டாரின் பார்வையை மறைக்கக் கூடாது என்பதற்காகப் பாதி மண்ணுக்குள் இறக்கிக் கட்டியது. உள்ளே குளிர், ஈரம், சுவர் நெடுகப் புறாக்கூண்டு மாடங்கள், மாடங்களில் லட்சக்கணக்கான காகிதச் சீட்டுகள். ஜேம்ஸ் முரே அங்கே உட்கார்ந்துதான் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் தொகுத்தார். உலகெங்கும் இருந்த தன்னார்வ வாசகர்கள் புத்தகம் படித்து, ஒரு சொல் எந்த ஆண்டு, எந்த நூலில், எந்த வாக்கியத்தில் வந்தது என்று எழுதி அனுப்பினார்கள். முதல் பகுதி 1884இல் வந்தது. முழு அகராதி முடிய 1928 ஆனது. முரே 1915லேயே காலமாகிவிட்டார்.

அந்தக் கொட்டகைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு கிளைவழி உண்டு. ஆர்தர் பர்னெல் 1860இல் சென்னை மாகாண அரசுப் பணிக்கு வந்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அவரும் ஹென்றி யூலும் கடிதம் வழியாகவே ஒரு சொற்களஞ்சியத்தை வளர்த்தார்கள். கீழைநாடுகளிலிருந்து ஆங்கிலத்தில் புகுந்த சொற்களின் அகராதி அது. பர்னெல் 1882இல் 42 வயதில் இறந்துபோனார். யூல் முடித்து 1886இல் வெளியிட்டார். பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. அந்தப் பெயரே ஒரு வேடம்! மொகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' முழக்கம் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் ஹாப்சன், ஜாப்சன் என்ற இரண்டு துரைமார்களாக மாறிவிட்டது. தெரியாத ஒலியைத் தெரிந்த பெயராக்கிக்கொள்கிற மனித வழக்கத்துக்கு மொழியியலார் இன்றும் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

அகராதிக்காரர் ஒலிக்கு மயங்குவதில்லை. இரட்டைச் சொற்கள் வந்து நின்றால் அவர் மூன்று கேள்வி கேட்பார். எந்த ஆண்டில் முதலில் எழுத்தில் வந்தாய்? எந்தத் துறைமுகம், எந்த மொழி வழியாக வந்தாய்? வழியில் உன் ஒலி மாறிய விதம், அதே வழியில் வந்த மற்றச் சொற்களோடு ஒத்துப்போகிறதா? பதில் வெவ்வேறு குடும்பத்தைக் காட்டினால் தலைச்சொல்லைப் பிரித்து 1, 2, 3 என்று சின்ன எண் போட்டுவிடுவார். அந்தத் தம்மாத்துண்டு எண்ணுக்குப் பின்னால் சில சமயம் இரண்டு கண்டங்களின் சரித்திரம் இருக்கும். 1924 முதல் 1936 வரை வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தால் அங்கேயும் இதே சின்ன எண்கள் கண் சிமிட்டும்.

கேள்விகள் கையில் இருக்கின்றன. கடைத்தெருவில் மேலே நடக்கலாம்.

ஒரு குயர் நோட்டு குடுங்க

ஸ்டேஷனரி கடை. "ரெண்டு குயர் நோட்டு, கோடு போட்டது" என்று கேட்காத பிள்ளை உண்டா? கியூ-யு-ஐ-ஆர்-இ. லத்தீனில் 'நான்கு நான்காக' என்ற சொல்லிலிருந்து வந்தது. நான்கு தாளை அடுக்கி நடுவில் மடித்தால் ஒரு கட்டு. அதுதான் பழைய குயர். பிறகு 24 தாளாகி, இப்போது 25 தாளாகிவிட்டது. 20 குயர் சேர்ந்தால் ஒரு ரீம். அந்த 'ரீம்', கட்டு என்று பொருள்படும் அரபுச் சொல். பிரெஞ்சுப் பள்ளியில் நோட்டுப் புத்தகத்துக்கு 'காயே' என்பார்கள். அதுவும் குயரும் ஒரே லத்தீன் தாயின் மக்கள்! எல்லைக்கு இந்தப் பக்கம் 'காயே', அந்தப் பக்கம் 'குயர்'. ஒரே நோட்டு, ஒரே வேர்.

இனி வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் பாடற்குழுவைக் கேளுங்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'கொயர்' என்று எழுதி, 'குவயர்' என்று சொல்ல வேண்டும். சி-எச்-ஓ-ஐ-ஆர். நோட்டுக் குயரும் இதுவும் ஆங்கிலேயர் வாயில் ஒரே உச்சரிப்பு. எழுத்துக்கும் ஒலிக்கும் ஏன் இத்தனை சண்டை? முன்பு இதையும் கியூ போட்டுத்தான் எழுதினார்கள். 17ஆம் நூற்றாண்டுவாக்கில் படித்தவர்கள், 'இதன் மூலம் கோரஸ் ஆயிற்றே' என்று எழுத்தை மட்டும் மாற்றினார்கள். நாக்கு மாற மறுத்துவிட்டது! அந்தக் கோரஸோ கிரேக்க நாடகத்தில் ஆடிப் பாடிய குழுவின் பெயர்.

மூன்றாவது ஆள், கட்டில் கடையில் இருக்கிறார்: கொயர் மெத்தை. சி-ஓ-ஐ-ஆர். தேங்காய் நாரைத் திரித்த கயிறு. மலையாளத்துக் 'கயறு' போர்த்துக்கீசியர் வாயில் 'காய்ரோ'வாகி ஆங்கிலத்துக்குப் போனது. நம் கயிற்றின் உடன்பிறப்பு. பாடற்குழுவுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரே ஒரு 'எச்' எழுத்துதான் குறுக்கே நிற்கிறது. அந்த எச் கிரேக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்த பிள்ளை ஸ்பெல்லிங்கில் தடுமாறவே மாட்டாள்.

கஞ்சி குடித்து லீவு போடலாம்

ஆங்கிலத்தில் 'காஞ்சி' என்று ஒரு சொல். சி-ஓ-என்-ஜி-இ-இ. சோற்றுக் கஞ்சி என்பது ஒரு பொருள். போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில், நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்த கஞ்சித் தண்ணீர் கொடுப்பதை எழுதியிருக்கிறார். போர்த்துக்கல்லிலும் பிரேசிலிலும் உடம்புக்கு முடியாதபோது கோழிச் சாற்றில் அரிசி போட்டுக் காய்ச்சித் தருவார்கள், பெயர் 'கான்ஜா'. நம் கஞ்சி அங்கே கோழி ரசமாகி அம்மா கைப்பக்குவமாகிவிட்டது! ஆங்கிலப் படையிலோ சிப்பாய்களை அடைக்கிற அறைக்குக் 'கஞ்சி ஹவுஸ்' என்று பெயர். உள்ளே கிடைத்த சாப்பாடு அது.

அதே எழுத்துகளில் இன்னொரு பழைய சொல் உண்டு. அதற்குப் பொருள் விடைபெறுதல், விடைபெறும்போது குனிந்து வணங்குதல். மூலம் பிரெஞ்சு 'கொன்ழே'. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவரைக் கேளுங்கள்; கொன்ழே என்றால் விடுமுறை என்பார். லத்தீனில் அது 'போய்வர அனுமதி'. ஆகவே ஒரே எழுத்தில் கஞ்சியும் இருக்கிறது, லீவும் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் இரண்டும் தேவைதானே!

கஞ்சிக்குப் பக்கத்தில் கறி. 'கர்ரி' நம் கறி என்பது ஊரறிந்த சேதி. 1747இல் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் நூலிலேயே அதற்குச் செய்முறை வந்துவிட்டது. ஆனால் குதிரையைத் தேய்த்துவிடுவதற்கும் ஆங்கிலத்தில் 'கர்ரி' என்றே சொல்வார்கள். அது பழைய பிரெஞ்சு வினை. 'ஆயத்தப்படுத்து' என்று பொருள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பிரெஞ்சு அங்கதக் கவிதை ஒன்றில் ஃபோவெல் என்று ஒரு குதிரை. பெரிய மனிதர்களெல்லாம் காரியம் சாதிக்க அதைத் தேய்த்துவிட்டுக் காக்கா பிடிப்பார்கள். அந்தக் குதிரையின் பெயர் மருவி 'ஃபேவர்' ஆனது. முகத்துதி செய்வதற்கு ஆங்கிலத்தில் 'கர்ரி ஃபேவர்' என்ற தொடர் பிறந்தது. மசாலா வாசனையே இல்லாத கர்ரி! மூன்றாவதாக 1390வாக்கில் ரிச்சர்டு மன்னனின் சமையல்காரர்கள் தொகுத்த ஏட்டில் 'கியூரி' என்று ஒரு சொல் வருகிறது. 'பார்த்தீர்களா, கர்ரி எங்கள் சொல்தான்' என்று சிலர் துள்ளினார்கள். அது 'சமை' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. துறைமுகக் கேள்வியைக் கேட்டதும் வழக்கு முடிந்தது. குழம்புக் கர்ரி நம்முடையதே!

அரிசி ஆலையை எட்டிப் பாருங்கள். நெல் கொட்டுகிற புனல்வாய்த் தொட்டிக்கு 'ஹாப்பர்' என்று பெயர். பழைய எந்திரத்தில் தானியம் குலுங்கிக் குதித்து இறங்கியதால் 'குதிப்பான்' என்று வந்திருக்க வேண்டும். அந்த அரிசி ஆப்பமானால்? இலங்கையில் ஆப்பத்துக்கு ஆங்கிலப் பெயர் 'ஹாப்பர்'! இடியாப்பத்துக்கு 'ஸ்டிரிங் ஹாப்பர்'. ஆப்பம் என்ற ஒலியைத் தெரிந்த சொல்லுக்குள் திணித்த ஹாப்சன்-ஜாப்சன் வேலை. எந்திரத்துக்குள்ளும் ஹாப்பர், தட்டிலும் ஹாப்பர்!

பெட்டிக்கடையில் வண்டு, அடகுக்கடையில் சிப்பாய்

வெற்றிலைக்கு ஆங்கிலத்தில் 'பீட்டல்'. மலையாளத்து 'வெற்றில' போர்த்துக்கீசியர் வழியாக இப்படி ஆனது. வெறும் இலை என்பதே அதன் பொருள் என்று பர்னெலும் யூலும் எழுதினார்கள். பூ இல்லை, காய் இல்லை, இலையே எல்லாம். வண்டுக்கும் ஆங்கிலத்தில் 'பீட்டில்'. அது 'கடிப்பது' என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் பிள்ளை. ஒன்று கடிக்கும், ஒன்று கடிபடும்! இங்கிலாந்துப் பாட்டுக்காரர்கள் 'பீட்டில்ஸ்' வேறு, வண்டின் பெயரில் தாளத்துக்கான 'பீட்' எழுத்துகளை வேண்டுமென்றே சொருகிக்கொண்டார்கள். ஒலி ஒப்புமையைத் தெரிந்தே ஆடிய ஆட்டம் அது.

அதே வெற்றிலைக்கு வட இந்தியப் பெயர் 'பான்'. ஆங்கிலேயர் அதைப் 'பான்' என்ற ஒலியில் பி-ஏ-டபிள்யூ-என் என்று எழுதினார்கள். சதுரங்கச் சிப்பாய்க்கும் அதே எழுத்துகள். அடகுக்கும் அதே எழுத்துகள்! சிப்பாய், லத்தீனில் காலாளைக் குறித்த சொல்லிலிருந்து வந்தவர். அடகு, பிணை என்ற பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. வெற்றிலை, 'பர்ணம்' என்ற வடசொல்லின் வழி. அப்புறம் ஒரு தித்திப்பு: அலுவலகத்துப் பியூனும் சதுரங்கச் சிப்பாயும் சொந்த அண்ணன் தம்பி! லத்தீன் காலாளே போர்த்துக்கல் வழியாக வந்து நம் அலுவலகத்தில் மணியடித்ததும் எழுந்து நிற்கிறார். ஒலி ஒத்த மூவரும் உறவில்லாதவர்கள். ஒலி ஒவ்வாத பியூன்தான் ரத்த உறவு.

தோப்பில் நான்கு பேர்

மாந்தோப்புக்கு இந்திய ஆங்கிலத்தில் 'டோப்'. டி-ஓ-பி-இ. தோப்பு என்ற நம் சொல்லேதான். பழைய நில ஆவணங்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஹாப்சன்-ஜாப்சனில் இந்த எழுத்துகளுக்கு மூன்று தனி வேர்கள் போட்டிருக்கிறார்கள். தோப்பு ஒன்று. பீரங்கி ஒன்று, துருக்கியிலிருந்து வந்த 'தோப்', இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனைப் பெயரிலும் இருப்பது. மூன்றாவது பௌத்த ஸ்தூபி. சாஞ்சிப் பக்கத்து ஸ்தூபிகளைப் பற்றி 1854இல் நூல் எழுதிய கன்னிங்ஹாம் அவற்றை இந்தச் சொல்லால்தான் அழைத்தார். நான்காவதாக ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு ஒன்று: மூக்குமுட்டக் குடிப்பதும் 'டோப்', குடிகாரர் 'டோப்பர்'.

கள்ளுக்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. புதுச்சேரிப் பக்கம் கள்ளுக்கடை உண்டு. கள்ளின் ஆங்கிலப் பெயர் 'டாடி', பனைச்சாற்றின் இந்திப் பெயர் 'தாடி' வழி வந்தது. ஸ்காட்லாந்தில் விஸ்கியில் வெந்நீரும் இனிப்பும் கலந்து குடிப்பார்களே 'ஹாட் டாடி', அதுவும் இந்தப் பனைமரத்துப் பெயர்தான்! அங்கே பனை ஏது? பெயர் மட்டும் கப்பலேறிப் போய்க் குளிருக்கு இதமாகிவிட்டது.

பக்கத்தில் பஞ்சு மிட்டாய்க்காரர் மணி அடிக்கிறார். ஆங்கிலத்தில் 'காட்டன் கேண்டி'. இந்தக் கேண்டி, துண்டு என்று பொருள்படும் 'கண்ட' என்ற வடசொல்லில் தொடங்கி, பாரசீகம், அரபு, பிரெஞ்சு என்று சுற்றியது. நம் கற்கண்டின் உறவு. பஞ்சு மிட்டாய் எந்திரத்தை 1897இல் அமெரிக்காவில் உருவாக்கிய இருவரில் ஒருவர் பல் டாக்டர் என்பது தனிச் சந்தோஷம்! இனி நூற்பாலைக்குப் போய்க் 'காட்டன் என்ன விலை' என்று கேளுங்கள். 'கேண்டி இவ்வளவு' என்பார்கள். அங்கே கேண்டி என்றால் 356 கிலோ! கண்டி என்ற பழைய எடை அளவு அது. இலங்கைக் கண்டியோ மலை என்ற சிங்களச் சொல்லின் வழி வந்த மூன்றாவது ஆள். காட்டன் கேண்டியை ஒரு குழந்தை ஒரு கையில் பிடித்துத் தின்னும். இன்னொரு காட்டன் கேண்டியைத் தூக்க லாரி வர வேண்டும்.

இப்போது தலைகீழ் ஆட்டம்

இதுவரை ஒரே முகம், வேறு வேறு வேர். எதிர்ப்பக்கமும் உண்டு: வேர் ஒன்றே, முகம் மட்டும் அடையாளம் தெரியாமல் மாறிப்போனவை.

பாகூர் ஏரியைப் பழைய ஆங்கில ஆவணங்கள் 'டேங்க்' என்கின்றன. போர்க்களத்து இரும்பு வண்டியும் டேங்க். உறவு இருக்குமா? இருக்கிறது! குஜராத்திச் சொல்லும் போர்த்துக்கீசியச் சொல்லும் கலந்து, நீர்நிலை என்ற பொருளில் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது இந்தச் சொல். பிறகு தண்ணீர்த் தொட்டிக்கும் வந்தது. 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் அந்தப் போர் வண்டியைச் செய்தபோது, ரகசியம் வெளியே கசியாமல் இருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று பெயர் சொல்லி வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக உருண்டது. பொய்ப்பெயர் நிலைப்பெயராகிவிட்டது. கையில்லாத 'டேங்க் டாப்' சட்டையும் அதே குடும்பம். நீச்சல் குளத்துக்கு டேங்க் என்று பெயர் இருந்தபோது அங்கே போட்ட உடுப்பு.

நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் என்று ஊர்ப் பெயரோடு நாம் ஒட்டுகிற 'கொம்யூன்', 1880இன் பிரெஞ்சு ஆணை தந்தது. பாரிஸில் 1871இல் எழுச்சி செய்தவர்களின் கம்யூனும், ஹிப்பிகள் சேர்ந்து வாழ்ந்த கம்யூனும், மனம்விட்டுப் பேசுவதைக் குறிக்கும் ஆங்கில வினையும் எல்லாம் 'பொது' என்ற ஒரே லத்தீன் சொல்லில் பிறந்தவை.

புதுச்சேரிக் கடற்கரையில் 2014 மழையில் இடிந்து, திரும்பக் கட்டி 2021இல் திறந்த மேரி கட்டடத்தைச் சொல்லாமல் விட முடியுமா? புதிதாக வருகிறவர்கள் 'மேரி யார்?' என்று கேட்பார்கள். அது நகர்மன்றத்தின் பிரெஞ்சுப் பெயர், 'மேரி'. 'பெரியவர்' என்ற லத்தீன் சொல் மேயர் ஆனது. மேயரின் இடம் மேரி ஆனது. மாதா பெயரான மேரி எபிரேய மிரியம். கல்யாணம் செய்யும் 'மேரி', லத்தீன் கணவனிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்தின் 'மெர்ரி', பச்சைப் பழைய ஆங்கிலம். நான்கு மேரிகளும் ஒரே டிசம்பர் மாதத்தில் அந்தக் கடற்கரையில் கூடுவதுண்டு.

காது சொன்னதை அப்படியே நம்பாதீர்கள்

இவ்வளவு உற்சாகத்துக்கு நடுவே ஓர் எச்சரிக்கையை மனதார வைக்கிறேன். ஒலி ஒத்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக உறவு கொண்டாடக் கூடாது. 'ஒன்று' என்பதும் ஆங்கில 'ஒன்' என்பதும் எவ்வளவு நெருக்கம்! ஆனால் ஆங்கிலச் சொல்லின் பழைய ஒலி 'ஆன்'. 'அலோன்', 'ஒன்லி' என்ற சொற்களில் அந்தப் பழைய ஒலியின் வழி இன்னும் கேட்கிறது. முன்னால் ஒட்டிய 'வ' ஒலி பின்னாளில் வந்தது. நூற்றாண்டுகளைப் பின்னோக்கிப் போனால் இரண்டும் விலகி விலகிப் போகின்றன. ஆஸ்திரேலியாவில் ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'! ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது, தற்செயல். தமிழின் பெருமைக்குக் காசும் கஞ்சியும் கயிறும் தோப்பும் போதும். அவை ஆண்டுக் கேள்வி, வழிக் கேள்வி, ஒலிக் கேள்வி மூன்றுக்கும் நிமிர்ந்து நின்று பதில் சொன்னவை.

ஒலி மயக்கம் நமக்குப் பழைய தோழன். ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்கென்றே சேந்தன் திவாகர நிகண்டு தன் 11ஆம் தொகுதியை ஒதுக்கியது. காளமேகம் இரண்டு பொருளை ஒரே வெண்பாவில் நிறுத்திச் சிரிக்க வைத்தார். அலை, அளை, அழை என்று மயங்கொலி படித்து நாக்கைத் தீட்டிக்கொண்ட பிள்ளைகள் நம் பிள்ளைகள். அவர்களிடம் ஆங்கில இரட்டைச் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து 'மனப்பாடம் செய்' என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. திரையை விலக்கிக் காட்டுங்கள் ஆசிரியர்களே! இந்தச் சொல் பெட்டி, இந்தச் சொல் நம் காசு, இந்தச் சொல் ஒளிப்பிடம் என்று சொல்லிவிட்டால் ஸ்பெல்லிங் தானாக நிற்கும். அதைவிடப் பெரிது ஒன்று நடக்கும். மடுகரைப் பள்ளியில் ஆங்கிலப் புத்தகத்தைப் பயத்தோடு திறக்கிற பிள்ளை, அதற்குள் தன் வீட்டு அடுப்படியும் தோப்பும் கயிறும் முன்னமே போய் உட்கார்ந்திருப்பதைக் காணும். பயம் போய்விடும். பிறகு அது நம் வீட்டுப் பிள்ளையின் மொழியும்தான்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். பலாப்பழக் காலத்தில் பண்ருட்டிக்குப் போங்கள். பழம் ஏற்றிய லாரி டயர் பஞ்சராகி நிற்கும். டிரைவர் ஜாக் வைத்து வண்டியைத் தூக்குவார். மேலே குவிந்திருப்பது ஆங்கிலத்தில் 'ஜாக் ஃப்ரூட்'. இரண்டு ஜாக்கில் ஒன்று ஜான் என்ற பெயரின் செல்லப்பெயர், எடுபிடி வேலைக்கெல்லாம் இங்கிலாந்தில் அழைத்த பெயர். இன்னொன்று பலாவுக்கு மலையாளிகள் சொல்லும் பெயரிலிருந்து கப்பலேறியது. எது எது என்று பக்கத்தில் நிற்கிற பிள்ளையைக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் முதல் சுளை அந்தப் பிள்ளைக்கே!